அரைப் பக்கத்துக்குப் பழி

பானு அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். அதுதான் பிரச்சினை. கத்துகிற ஆளாக இருந்தால், கத்தி முடித்ததும் சோறு தின்னக் கூப்பிட்டுவிடலாம். இவள் வாயை மூடிக்கொண்டு எதையாவது பொறுமையாகச் சுத்தம் பண்ண ஆரம்பித்துவிடுவாள். டாக்டர் வரதன் போனை வைத்த அன்றைக்கு ஒரு கூடை நண்டைக் கழுவினாள். நண்டு ஏற்கெனவே செத்திருந்தது. அவள் கழுவின கழுவலில் இன்னொரு தடவை செத்திருக்கும். அந்த ஆளுக்கு எங்கள் ஏரிக்கரையில் நல்ல காலம் முடிந்துபோச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

முழுப் பெயர் பானுப்ரியா. ராஜவேலு மாமாவுக்கும் கோவிந்தம்மா அத்தைக்கும் ஒரே பெண். பழவேற்காடு லைட்ஹவுஸிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஏரியும் இருக்க, நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது எங்கள் குப்பம். அங்கே எம்.ஏ. படித்த முதல் ஆள் அவள்தான். அதுவும் சமூகவியல். அப்படின்னா இன்னா என்று பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"மனுஷங்க ஏன் இப்படி இருக்காங்கன்னு படிக்கிறதுதான் அத்தை."

"அதுக்கு எதுக்குடி பஸ் ஏறி சென்னைக்குப் போற? தண்ணி லாரி வரும்போது குடத்தோட வந்து நில்லு. எல்லாம் தெரியும்."

பழி வாங்குவதில் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சி உண்டு. அவள் ஆறாவது படிக்கும்போது, மீன் நாற்றம் அடிக்குது என்று ஒரு கண்டக்டர் கோவிந்தம்மா அத்தையைக் கூடையோடு பாதி வழியில் இறக்கிவிட்டான். கூடவே இறங்கின இவள் அந்த ஆளின் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். அப்புறம் வளர்ந்து காலேஜ் போனாள். அதே ஆள் வருகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுவாள். அத்தையை இறக்கிவிட்ட அந்தப் புளியமரம் வரும்போது மட்டும், "அண்ணா, ஆளை இறக்கிவிடுற ஸ்டாப் இதுதானே?" என்று மரியாதையாகக் கேட்பாள். வேறு ஒரு வார்த்தை கிடையாது. தினமும். கடைசியில் அந்த ஆள் வேறு ரூட் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பாவம், இன்னமும் புளியமரத்தைப் பார்த்தால் வேர்க்குமோ என்னவோ.

இப்படிப்பட்டவளிடம்தான் டாக்டர் வரதன் வந்து மாட்டினார்.

அவர் கடற்கரைப் பொறியியல் ஆள். ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் ஏன் மணல் மூடி அடைத்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சி பண்ண நிதி கேட்டிருந்தார். நிதி கொடுக்கிறவர்கள் ஒரு முட்டுக்கட்டை போட்டுவிட்டார்கள். தண்ணியை மட்டும் அளந்தால் போதாது, அந்தத் தண்ணியில் பிழைக்கிற மனுஷர்களைப் படித்தவர்களும் கூடச் சேர்ந்தால்தான் காசு என்று. வரதனுக்கு மனுஷர்களைப் படித்த ஆள் ஒருத்தர் அவசரமாகத் தேவைப்பட்டது. அக்கா கிடைத்தாள். அப்போதெல்லாம் "பானு மேடம், பானு மேடம்" என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா அந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தாள். எந்த இடத்தில் யார் வலை கட்டுகிறார்கள், யாருக்கு அங்கே உரிமை இல்லை, கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறார்கள், எல்லாவற்றையும் குப்பம் குப்பமாகப் போய்க் கேட்டாள். ஏரியைப் படம் போட்டு, வலை கட்டுகிற இடத்தையெல்லாம் கலர் அடித்தாள். கலர் அடித்தது நான். ஒரு ஓரத்தில் வரதனை மீசை வைத்த நண்டாக வரைந்தேன். அக்கா பார்த்துவிட்டு நண்டை மட்டும் அழித்தாள், மீசையை மறந்துவிட்டாள்.

ஊரின் சம்மதம் வேண்டுமே. கங்கையம்மன் கோயில் மணலில் சபை கூடியது. எங்கள் சபையில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. படித்த பொண்ணு, பேசட்டும் என்று தலைவர் கண்ணப்பன் விட்டார். அக்கா எழுந்து நின்று சொன்னாள்: "ஊரைக் கேக்காம தண்ணியில ஒரு குச்சிகூட ஊன மாட்டாங்க. இது என் வார்த்தை."

அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடத்தில் நினைத்தவன் நினைத்தபோது வலை கட்ட முடியாது. முறை போட்டு வைத்திருக்கிறோம், அதற்குப் பாடு என்று பேர். இன்றைக்கு இந்த இடம் உன்னுது, அடுத்த தடவை என்னுது. பாடு வரிசையில் பேர் இருக்கிறவன்தான் ஊரில் ஆள். பெண்களுக்கு அதில் பேர் கிடையாது. சபையில் ஒருத்தருக்காக இன்னொருத்தர் வார்த்தை கொடுத்து, அது தவறிவிட்டால், கொடுத்தவரின் பாடு போகும். கொடுத்தது பெண் என்றால் அவள் வீட்டு ஆம்பளையின் பாடு போகும். தப்பு பண்ணின ஆளே சபைக்கு வந்து "அது என் வார்த்தைதான்" என்று ஏற்றுக்கொண்டால்தான் பழி இடம் மாறும்.

நிதி வந்தது. அடுத்த வாரமே வரதனின் ஆட்கள் படகில் வந்து, முகத்துவாரத்தில் நீரோட்டம் வேகமாக இருக்கிற இடமாகப் பார்த்து இரும்புக் குழாய்களை ஊன்றி, மேலே பெட்டி மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். யாரையும் கேட்கவில்லை. ஓட்டம் எங்கே வேகமோ அங்கேதான் இறாலும் ஓடும், அங்கேதான் வலையும் நிற்கும். அக்கா போட்ட படத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும், மீசையோடு சேர்த்து எல்லாம் அதில் இருந்தது. மழை முடிந்து இறால் ஓட்டம் தொடங்கினதும் எல்லப்பன் அண்ணன் வலை குழாயில் மாட்டி நாராகக் கிழிந்தது.

சபை கூடியது. ராஜவேலு மாமாவின் பாடு போனது. எப்போது திரும்பும் என்று கேட்டதற்கு, "வார்த்தை நேராகட்டும், பாக்கலாம்" என்றார் கண்ணப்பன்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மகளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, "கோவிந்தம்மா, உன் பொண்ணை உப்பு எடுத்து வைக்கச் சொல்லு" என்பார். உப்பு அக்கா கைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவள் எடுத்து வைப்பாள். சொந்தப் பாடு வைத்திருந்த மனுஷன் விடியலில் அடுத்தவன் ஃபைபர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போவார். அவர் போகிறதை அக்கா தட்டி இடுக்கில் நின்று பார்ப்பாள். அவள் பார்க்கிறதை நான் எங்கள் பக்கத்து இடுக்கில் நின்று பார்ப்பேன். சும்மாதான், எனக்கு வேறு வேலை இல்லை.

அந்த வாரம்தான் அவள் வரதனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அத்தையும் நானும் பக்கத்தில்.

"சார், குழாயை எடுங்க. வலை கட்டுற இடமெல்லாம் படம் போட்டுக் குடுத்தேனே, பாக்கலையா?"

"பார்த்தேம்மா, நல்லா இருந்தது." மேடம் எப்போதோ கழன்று போயிருந்தது. "ஆனா இது சயின்ஸ் ப்ராஜெக்ட். சமூகம் கிமூகம் எல்லாம் கடைசியில, இடம் இருந்தா. ரிப்போர்ட்ல அரைப் பக்கம் போட்டிருக்கேனே."

"நான் எழுதினது ஒரு முழு அத்தியாயம் சார்."

"சுருக்கிட்டோம்மா. உன் பேர் நன்றிப் பக்கத்துல இருக்கு. களப்பணி உதவின்னு."

"எங்க நைனா பாடு போச்சு சார். நான் குடுத்த வார்த்தைக்கு."

"அதை யாரு உன்னைக் குடுக்கச் சொன்னா?" என்றுவிட்டு வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் அந்த நண்டு.

நான் என்னால் முடிந்த யோசனைகளைச் சொன்னேன். காரின் ஏசி ஓட்டையில் மத்தி மீன். பூட்ஸுக்குள் உயிர் நண்டு. டீசல் டேங்கில் ஏரித்தண்ணி. எல்லாம் கைவசம் இருந்த சரக்கு, சிலது ஏற்கெனவே வேறு ஆட்களிடம் சோதித்துப் பார்த்தது.

"சர்வீஸ்ல விட்டா போய்டும்டி அதெல்லாம்" என்றாள் அக்கா. "எனக்குக் கழுவினா போகாதது வேணும்."

"அப்படி இன்னாக்கா இருக்கு?"

"அவன் வாயிலயே இருக்கு. வரட்டும்."

"அந்த ஆள் ஏன் வரப்போறான்?"

"வருவான். அரைப் பக்கத்தை வெச்சு நிதி குடுக்கிறவங்களை ஒரு தடவைதான் ஏமாத்த முடியும்."

வந்தார். எல்லாம் கருவாடாகக் காய்கிற வெயில் காலத்தில், கையில் ஸ்வீட் பாக்ஸோடு. கோவிந்தம்மா அத்தை அதை மரியாதையாக வாங்கி, பிரித்து, அவர் கண்ணெதிரிலேயே எங்கள் வீட்டு ஆட்டுக்குப் போட்டாள். பழி சரிதான், ஆனால் அது முந்திரி போட்ட ஸ்வீட். எனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கலாம்.

"பானு மேடம்" என்று ஆரம்பித்தார் வரதன். மேடம் திரும்பி வந்திருந்தது. "ரெண்டாம் கட்டத்துக்கு நிதி கேட்டிருக்கேன். இந்தத் தடவை ரொம்ப உஷாரா கேக்கறாங்க. சமூகவியல், வரலாறு இதெல்லாம் ஒப்புக்குச் சேர்த்ததா, இல்ல முதல் கேள்வியிலிருந்தே கூட இருந்ததான்னு பார்க்க ரெண்டு பேர் நேர்ல வர்றாங்க. நீங்க ஒரு நாள் மட்டும் கூட இருந்தா போதும்."

அக்கா மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இருக்கேன் சார். ஆனா வர்றவங்க எங்க சபையில வந்து உக்காரணும். அங்க எல்லார் முன்னாடியும், முதல் கட்டத்துலயே நான் உங்களுக்குச் சமமான பங்காளின்னு நீங்களே சொல்லணும்."

வரதன் முகத்தில் லைட் எரிந்தது. "அவ்ளோதானா? நானே அதைத்தான் கேக்க வந்தேன் மேடம்!"

தானே வலைக்குள் வந்து, முடிச்சு நல்லா இருக்கா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போன மீனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா கண்ணப்பன் வீட்டுக்குப் போய்ப் பேசினாள். அப்புறம் வீடு வீடாகப் போய் ஒன்று மட்டும் சொல்லி வைத்தாள்: கூட்டத்தில் எது நடந்தாலும் யாரும் சிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் காதைப் பிடித்துத் தனியாகச் சொன்னாள். "முக்கியமா நீ."

"சிரிச்சா இன்னா? அசிங்கப்படட்டும்."

"சிரிச்சா நாம விளையாடினோம்னு ஆயிடும். அப்புறம் அவனும் சிரிச்சுட்டுப் போய்டுவான்."

வந்த ரெண்டு பேரில் ஒருத்தர் தண்ணி சம்பந்தப்பட்ட ஆள். இன்னொருத்தர் தெய்வநாயகி அம்மா, வரலாற்றுப் பேராசிரியர். நாற்காலி போட்டும் வேண்டாமென்று புடவையை ஒதுக்கிக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததால் வரதனும் உட்கார வேண்டியதாயிற்று. கோயில் மணல் என்பதால் பூட்ஸைக் கழற்றி வைத்தார். அது என் பக்கத்தில்தான் இருந்தது. நான் தொடவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

வரதன் அழகாகப் பேசினார். ஊரும் ஆராய்ச்சியும் ஒன்றுக்குள் ஒன்று என்றார். பானுப்ரியா மேடம் முதல் நாளிலிருந்து தனக்குச் சமமான பங்காளி என்றார். கேட்கக் கேட்க எனக்கே அவர்மேல் ஆசை வந்துவிட்டது. கண்ணப்பன் தொண்டையைச் செருமினார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். எங்க பானு அன்னிக்கு இதே இடத்துல நின்னு பேசுச்சே, அது அதுவா பேசுனதா, உங்க ஆராய்ச்சிக்காகப் பேசுனதா?"

தெய்வநாயகி அம்மா பேனாவைத் திறந்தார். வரதன் அதைப் பார்த்தார்.

"ஆராய்ச்சிக்காகத்தான் ஐயா. மேடம் பேசினா நான் பேசின மாதிரி."

"மாதிரின்னா?"

"நான் பேசினதேதான்."

"அப்ப, ஊரைக் கேக்காம தண்ணியில ஒரு குச்சிகூட ஊனமாட்டோம்னு சொன்னது உங்க வார்த்தை."

வரதன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவள் புடவை முந்தானையில் ஒட்டின மணலைத் தட்டிச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணலாக.

"இல்ல... அதாவது, அவங்க அன்னிக்குக் கொஞ்சம் அதிகமா சொல்லிட்டாங்க. அது என்கிட்ட கேட்டுச் சொன்னது இல்ல..."

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்றார் தெய்வநாயகி அம்மா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "சமமான பங்காளின்னு இப்பத்தானே சொன்னீங்க. அவங்க ஊருக்குக் குடுத்த வார்த்தை உங்களைக் கட்டுமா, கட்டாதா? எனக்கு அது தெரிஞ்சாகணும். நான் வந்ததே அதுக்குத்தான்."

முன்னால் போனாலும் வலை, பின்னால் போனாலும் வலை. மடவை மீனாக இருந்தால் அந்த நேரத்துக்கு எகிறிக் குதித்துத் தாண்டிப் போய்விடும். வரதனுக்கு அந்த வித்தை தெரியாது.

"கட்டும்" என்றார். "என் வார்த்தைதான்."

கண்ணப்பன் எழுந்தார். "வார்த்தை நேராச்சு. ராஜவேலு பாடு ராஜவேலுக்கு. வார்த்தை தவறுன ஆள் கைதான் முதல்ல அந்தக் குழாய் மேல படணும், அதுதான் எங்க வழக்கம். படகு எடுங்கப்பா."

ராஜவேலு மாமா ஆம்பளைகள் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வைதான், வெயில் அப்படி.

தெய்வநாயகி அம்மாவுக்கு ஒன்று புரியவில்லை. "பேசினது இந்தப் பொண்ணு. தண்டனை மட்டும் ஏன் அப்பாவுக்குப் போச்சு?"

"பொம்பளைங்களுக்குப் பாடு வரிசையில பேர் இல்ல மேடம், பறிக்கிறதுக்கு" என்றாள் அக்கா. அப்புறம் கண்ணப்பனை நேராகப் பார்த்து, "அதுக்கும் ஒரு நாள் வரும்" என்றாள். கண்ணப்பனுக்குத் திடீரென்று படகுக் கயிற்றில் முக்கியமான வேலை வந்துவிட்டது.

கிழிந்த வலைக்காரர் எல்லப்பன் அண்ணன்தான் வரதனைக் கையைப் பிடித்துத் தண்ணியில் இறக்கினார். "வாங்க சார். பாத்து சார். இங்க சேறு சார். இங்கதான் சார் என் வலை கிழிஞ்சது, பாத்து." அவ்வளவு மரியாதை. இஸ்திரி போட்ட பேன்ட் இடுப்பு வரைக்கும் நனைந்தது. வரதன் குழாயைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. நல்லாத்தான் ஊன்றியிருந்தார்கள். கண்ணாடி ஒரு பக்கமாக நழுவித் தொங்கியது, எடுத்து மாட்ட கை இல்லை. சுற்றிப் பத்துப் பதினைந்து படகு, கரையில் மொத்தக் குப்பம். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நான் தாவணியைக் கடித்துக்கொண்டேன். இன்னும் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது.

படகில் நின்றுகொண்டு அக்கா சொன்னாள்: "ஆட்டி ஆட்டி எடுங்க சார். அவசரமே இல்ல."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். யாராவது சிரிக்க மாட்டார்களா, தானும் சிரித்து மழுப்பிவிடலாமே என்று ஏங்குகிற பார்வை. ஒருத்தர் முகமும் இடம் கொடுக்கவில்லை. கண்ணப்பன் கை காட்டின பிறகுதான் பையன்கள் குதித்து எல்லாக் குழாயையும் பிடுங்கினார்கள். வரதன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தார். பூட்ஸுக்குள் ஒன்றும் இல்லை. பின்சீட்டுக்கு அடியில் இருந்த கருவாட்டுப் பொட்டலம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

நிதி கொடுக்கிறவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. வரதனுக்கு வந்தது அதைவிட மோசம். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி, கேள்வியிலிருந்தே திரும்ப எழுதுங்கள், பானுப்ரியா பேரும் உங்கள் பேரும் சரிசமமாக மேலே இருக்கட்டும், அவங்க கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்று எழுதிவிட்டார்கள். அக்கா எழுத உட்கார்ந்தாள். முதல் கேள்வியே, இந்த ஏரி யாருது, யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்பதுதான். முகத்துவாரம் அடைத்தால் எங்களுக்கும் சோறில்லை, அது அவளுக்கும் தெரியும். தண்ணி அளக்கிற பகுதிக்கும் வேண்டிய பக்கங்களை ஒதுக்கி வைத்திருந்தாள், நான் பார்த்தேன். அதை வரதனிடம் மட்டும் சொல்லவில்லை. நாள் கணக்காகச் சொல்லவில்லை.

மழை வந்து போனது. ராஜவேலு மாமாவின் பாடு வந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தான் வரதனும் ஃபைலோடு வந்து நின்றார். "வலை வரட்டும் சார்" என்று அக்கா கரையிலேயே நிற்க வைத்துவிட்டாள். குழாய் இல்லாத தண்ணியில் மாமாவின் படகு மெதுவாக வந்தது. வலையில் இறால் வெள்ளையாகத் துள்ளியது. கோவிந்தம்மா அத்தை கூடையோடு இறங்கப் போனாள். மாமா அவளைப் பார்க்கவில்லை.

"பானு" என்றார். குரல் துருப் பிடித்திருந்தது. "கூடை எடுத்துனு வாம்மா."

அக்கா அத்தை கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டு தண்ணியில் இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகக்கூட இல்லை. மாமா அள்ளி அள்ளிப் போட்டார், அவள் பிடித்துக்கொண்டே நின்றாள். கூடை நிரம்பி வழிந்தபோதும் அவர் போடுவதை நிறுத்தவில்லை, அவளும் போதும் என்று சொல்லவில்லை. எனக்குக் கண்ணில் என்னமோ விழுந்துவிட்டது. ஏரிக்காற்று எப்போதும் அப்படித்தான்.

கரையிலிருந்து வரதன் குரல் கொடுத்தார். "பானு மேடம், லேட் ஆகுது. விண்ணப்பத்துல என்னோட பகுதி எங்க வருது? அதை மட்டும் சொல்லிடுங்க."

அக்கா திரும்பவில்லை. கூடையிலிருந்து நழுவின ஒரு இறாலைப் பிடித்து உள்ளே போட்டாள்.

"கடைசியில சார். இடம் இருந்தா."

சிரிக்கக் கூடாது என்ற தடையை அவள் இன்னும் எடுக்கவில்லை. அதனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதலில் சிரித்தது ராஜவேலு மாமாதான்.